சாட்சி மஞ்சள்

எங்கள் தலைமுறையில் பெயர்கள் தலைகீழாகிவிட்டன. நான் பவளக்கொடி. நான் கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயர் வழுதி. என் மாமியார் ரக்‌ஷிதா, மாமனார் நிஷாந்த், என்னைப் பெற்றவள் மோனிஷா. பத்திரிகையைப் படித்தால் கல்யாணம் அவர்களுக்குத்தான், நாங்கள் இரண்டு பேரும் அட்சதை போட வந்த கிழடுகள் என்று தோன்றும்.

பழமை பெயரோடு சரி. அருப்புக்கோட்டையில் என் வேலை, வயலில் விதை தூவும் ட்ரோன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. வழுதி தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருந்தான். நாங்களே பார்த்து, நாங்களே பேசி, நாங்களே முடிவு செய்த கல்யாணம். இருந்தாலும் பெண் பார்க்க வர வேண்டும், பூ வைக்க வேண்டும், நலங்கு வைக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட விட எனக்கு மனசில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சமயத்தில் வழுதியைவிடக் கல்யாணத்தின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம். மேளம் காதைக் கிழிக்க வேண்டும், பந்தியில் இடம் பிடிக்க இரண்டு பேராவது சண்டை போட வேண்டும், என் தோழிகள் வழுதியின் செருப்பை ஒளித்து வைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று, ரக்‌ஷிதா அத்தை தாம்பூலத் தட்டில் பழத்தோடு ஒரு வெள்ளை டப்பாவையும் வைத்தார். மூடியில் ‘சாட்சி மஞ்சள்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

“இது என்ன சம்பந்தி?” என்று அம்மா கேட்டாள். என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

“நலங்கு மஞ்சள்தான். இப்ப எல்லா வீட்லயும் இதைத்தான வைக்கிறாங்க. உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்காம். பூசுனா வேர்வையைக் குடிச்சுப் பார்க்குமாம். உடம்புல அந்த மாதிரி நோவு இருந்துச்சுன்னா கொஞ்ச நேரத்துல குங்குமமாட்டம் செவந்துரும். ஒண்ணும் இல்லாட்டி மஞ்சள் மஞ்சளாவே இருக்கும்.”

“அந்த மாதிரின்னா?”

அத்தை மின்விசிறியைப் பார்த்தார். “அதான் சம்பந்தி… கூடிப் பழகுறதுல வர்றது.”

“எச்.ஐ.வி, சிபிலிஸ், கொனோரியா, அப்புறம் மஞ்சக்காமாலையில ஒரு வகை,” என்றான் வழுதி. “பேரைச் சொன்னா ஒட்டிக்காதும்மா.”

நிஷாந்த் மாமா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு சிரித்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், பேச்சில் கலகலப்பு. சோலார் தகடு வியாபாரம். வருஷத்தில் பாதி நாள் ராஜஸ்தான், ஒடிசா என்று சுற்றிக்கொண்டிருப்பார். “எங்க குடும்பத்துக்கு இதுக்கெல்லாம் அவசியமே இல்லைங்க. வம்சம் அப்படி. பொண்ணு வீட்டுக்கும் ஒரு நிம்மதி வேணும்ல, அதுக்குத்தான்,” என்றார்.

“அப்ப மாப்பிள்ளைக்கும் வைப்பீங்கள்ல?” என்றாள் என் அம்மா.

அவள் ஏதோ நகைச்சுவை சொன்னது போல எல்லோரும் சிரித்தார்கள். “ஆம்பளைக்கு நலங்கு பேருக்குத்தான சம்பந்தி. சந்தனத்தை வச்சு முடிச்சிருவோம்,” என்றார் அத்தை.

“எனக்கு நானே வச்சுக்கிட்டேன்,” என்றான் வழுதி. “வாங்குன அன்னைக்கே ஒரு டப்பாவைக் காலி பண்ணிட்டேன். அம்மன் சிலையாட்டம் மஞ்சளா நின்னேன். பக்கத்து வீட்டம்மா கும்பிட்டுட்டுப் போனாங்க.”

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அந்த டப்பாவை விட்டு நகரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வழுதியைப் பார்ப்பதற்கு முன்னால், கோவையில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரு காதல் இருந்தது. காதல் போய்விட்டது, சிபிலிஸ் தங்கிவிட்டது. டாக்டர் அஃப்ரின் இடுப்பில் ஊசி போட்டார், அதுவும் போய்விட்டது. அழுதது காதலுக்கா ஊசிக்கா என்று இப்போது ஞாபகமில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். டப்பாவைப் பார்த்த அன்று சாயங்காலமே டாக்டரைக் கூப்பிட்டேன்.

“உனக்கு நோய் கிடையாது பவளம். அது எப்பவோ போயாச்சு,” என்றார் டாக்டர். “ஆனா உன் ரத்தம் அந்தக் கிருமியை மறக்கல. திரும்ப வந்தா அடையாளம் தெரியணும்னு ஞாபகம் வச்சிருக்கும். நல்ல விஷயம்தான். அந்த மஞ்சள் தேடுறது கிருமியை இல்ல, அந்த ஞாபகத்தை.”

“அப்ப எனக்குச் செவக்குமா?”

“செவக்கும்.”

“நோய் இருக்கிறவளுக்கும் வந்து போனவளுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“தெரியாது. டப்பாவுக்கு அடியில பொடி எழுத்துல போட்டிருப்பான். கல்யாண வீட்ல யாரு டப்பாவைக் கவுத்துப் பார்க்கப் போறா?”

சாத்தூரில் அதற்கு முந்தைய மாதம் ஒரு பெண்ணுக்குச் சிவந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த எச்.ஐ.வி. தினம் மாத்திரை சாப்பிட்டு, அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று மருத்துவமனையே சொல்லிவிட்ட உடம்பு. மணப்பலகையில் உட்கார்ந்திருந்தவளைச் சுற்றி இருந்த கூட்டம் எப்படிப் பின்னால் நகர்ந்தது என்பதை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அழக்கூட இல்லை அவள். தன் கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்து, பிறகு யாராவது ஒரு துண்டு கொடுப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வழுதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்து நிலையத்தில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தோம். முழுவதையும் கேட்டுவிட்டு, சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டினான். அங்கே சின்னச் சின்னக் குழிகள்.

“எனக்கு அம்மை போட்ட தழும்பு. இதுக்கு நீ என்கிட்ட என்னைக்காவது விளக்கம் கேட்டியா?”

“அது வேற, இது வேற.”

“உனக்கு வேற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வா, நாளைக்கே பதிவாளர் ஆபீஸுக்குப் போயிருவோம். மஞ்சளும் வேணாம், சந்தனமும் வேணாம்.”

“அதெல்லாம் முடியாது. எனக்கு மேளம் வேணும்,” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாட்டேன் என்று மறுத்தால், எதையோ மறைக்கிறாள் என்பார்கள். உட்கார்ந்தால் முகமே காட்டிக்கொடுக்கும். கடைசியில் உட்காருவது என்று முடிவு செய்தேன். சிவந்தால், அடுத்த அறையில் இருக்கும் வழுதிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவன் வந்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவான். அவ்வளவுதான் எங்கள் திட்டம். அதற்குப் பிறகு மேளம் இருக்குமா, மாமியார் இருப்பாரா என்று இருவருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் நலங்கு. மேலே படம் பிடிக்கும் ட்ரோன் ஒன்று சுற்ற, கீழே என்னைச் சுற்றிப் பெண்கள். ஆண்கள் பின்வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். நலங்குப் பாட்டைப் பாட ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் கம்பெனியிலிருந்து நிறைமதி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவள் மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்து வைத்து, ரக்‌ஷிதா அத்தையிடம் ஒரு ஜோடிக் கையுறையையும் மரக்கரண்டியையும் நீட்டினாள்.

“வைக்கிறவங்க கை படக்கூடாது மேடம். கையுறை போட்டுக்கங்க, இல்லன்னா கரண்டியால வைங்க.”

“நலங்கு வைக்கிறது என்ன கொத்தனார் வேலையா, கரண்டியால பூச? நகருத்தா,” என்று அத்தை வெறுங்கையைக் கிண்ணத்துக்குள் விட்டார்.

கூட்டமே சிரித்தது. எந்த ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தார்களோ, நலங்கை யார் கையுறை போட்டுக்கொண்டு வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் குளிர்ச்சியாக இருந்தது. வலது கன்னம், இடது கன்னம், கை, கால். அத்தை நிதானமாக, அழுத்தமாகத் தடவினார். வைத்து முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஆனால் பாட்டு இன்னும் முடியவில்லை என்பதால், என் எதிரிலேயே குனிந்து நின்று, காதோரம் வழிந்த மஞ்சளைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குக் கன்னம் எரிவது போல ஒரு பிரமை. கண்ணாடி கிடையாது. எதிரில் இருப்பவர்களின் முகத்தை வைத்துத்தான் என் முகத்தைத் தெரிந்துகொள்ள முடியும்.

அப்போது என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க அத்தை கையைத் தூக்கினார். அந்த உள்ளங்கையைப் பார்த்தேன்.

குங்குமம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. விரல் இடுக்குகளில், ரேகைகளில், மஞ்சள் ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே அது கட்டைவிரல் பக்கம் பரவியது.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. அவர் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என நினைத்தேன். அந்த நொடியில் என் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐயோ, இந்த மனுஷி இப்போது என்ன செய்வார் என்று மட்டும்தான் பதறினேன்.

அவர் என்னை மறைத்தபடியே தலையைத் திருப்பி, “பாட்டை நிறுத்தாதீங்க. ஆரத்திக்கு வச்ச சுண்ணாம்பு எங்க? கொண்டாங்க,” என்றார்.

யாரோ சுண்ணாம்புக் கிண்ணத்தை நீட்டினார்கள். அத்தை அதை அப்படியே மஞ்சள் கிண்ணத்தில் கவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கிண்ணம் முழுக்கச் சிவந்தது. அதில் ஒரு கை அள்ளி என் கன்னம் இரண்டிலும் அப்பினார்.

நிறைமதி ஓடி வந்தாள். “மேடம், என்ன பண்றீங்க? சுண்ணாம்பு பட்டா பூஞ்சை செத்துரும். இனிமே ஒண்ணுமே தெரியாது.”

“தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. மஞ்சள் மஞ்சளாவேதான் இருந்துச்சு, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்ல? எங்க வீட்டு வழக்கப்படி முதல்ல மஞ்சள் நலங்கு, அடுத்தது செவப்பு நலங்கு.”

மாமாவின் தங்கை பின்னாலிருந்து கேட்டார்: “நம்ம வீட்ல ஏது அண்ணி இப்படி ஒரு வழக்கம்? எனக்கு வைக்கலையே.”

“உனக்கும் வச்சோம். நீ உன் கல்யாணத்துல பூரா தூங்கி வழிஞ்ச, உனக்கெங்க தெரியும்?” என்று அத்தை அவர் கன்னத்திலும் ஒரு கை அப்பினார். “செவப்பு நலங்குன்னா வந்தவங்க எல்லாருக்கும் வைக்கணும். இல்லாட்டி பொண்ணுக்கு ஆகாது.”

பொண்ணுக்கு ஆகாது என்றால் எங்கள் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? அடுத்த நிமிஷம் கிண்ணத்தில் பத்துக் கைகள் இருந்தன. என் அம்மா சம்பந்தியைத் துரத்திப் பூசினாள். சம்பந்தி நிறைமதியைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசை ஆண்களின் வெள்ளைச் சட்டைகள் ஒன்றும் தப்பவில்லை. நிஷாந்த் மாமா சிவந்த வழுக்கையோடு நடுவில் வந்து ஆடினார். சத்தம் கேட்டு வழுதி, யாரும் கூப்பிடாமலேயே, தான் சொல்ல வேண்டியதை முகத்தில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். வாசலிலேயே அவன் வாயில் ஒரு கை சிவப்பு விழுந்தது. அத்தனை பேரும் சிவப்பு. யார் எதற்காகச் சிவந்தார்கள் என்று அந்த ட்ரோனால்கூடச் சொல்ல முடியாது. நான் மணப்பலகையில் உட்கார்ந்து, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் மேளம் காதைக் கிழித்தது. தாலி ஏறியது. பந்தியில் இரண்டு பேர் இல்லை, ஐந்து பேர் சண்டை போட்டார்கள்.

இப்போது எங்கள் பக்கம் சிவப்பு நலங்கு இல்லாமல் கல்யாணமே நடப்பதில்லை. அன்று மண்டபத்தில் இருந்த பெண்களில் யார் யாருக்கு அது தேவைப்பட்டதோ தெரியாது, அடுத்தடுத்த கல்யாணங்களில் அவர்களே சுண்ணாம்போடு வந்து நின்றார்கள். சேரர் காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது என்று ஒருவர் இணையத்தில் பேசி, கேட்டவர்களிடம் சண்டையும் போடுகிறார். சாட்சி மஞ்சளை வாங்குவாரில்லை. நிறைமதி அந்த வேலையை விட்டுவிட்டு அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் அங்கே சேர்ந்து வருகிறார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு சொல்வாளாம், இரண்டு பேருக்கும்.

அது பிறகு நடந்தது. கல்யாணம் முடிந்த கையோடு என் மனதில் இருந்ததெல்லாம் அத்தையின் அந்த உள்ளங்கைதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் என்னையும் காப்பாற்றிவிட்டார். ஆனால் அவர் எந்த டாக்டரிடமும் போனது போலத் தெரியவில்லை. பயந்து ஒளித்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தேன். வழுதியிடம் சொல்லவில்லை. அதை அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் பாடு.

மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு காலை, எனக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று அத்தை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. பாலவநத்தம் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அத்தை, கடைக்கு முந்தி ஒரு டாக்டரைப் பார்த்துட்டுப் போயிருவமா?”

“அதுக்குள்ளயா?” என்று என் வயிற்றைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“எனக்கில்ல அத்தை. உங்களுக்கு.”

“எனக்கென்ன கேடு?”

“பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, உங்க மகன்கிட்டகூட. அநேகமா ஊசி போட்டாச் சரியாப் போற விஷயமாத்தான் இருக்கும். நலங்கு அன்னைக்கு நானும் பார்த்துட்டேன், உங்க கை செவந்ததை.”

அத்தை சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தார். பிறகு வலது கையைத் திருப்பி, மடியில் வைத்துப் பார்த்தார்.

“என் கையா?” என்றார்.

“உங்க கைதான் அத்தை. அதைப் பார்த்துத்தான நீங்க சுண்ணாம்பைக் கொட்டி…”

“நான் எங்க கையைப் பார்த்தேன்? உன் கன்னத்தையில்ல பார்த்தேன்.”

என் கை தானாகவே கன்னத்துக்குப் போனது.

“காதோரத்துல செவக்க ஆரம்பிச்சிருச்சு,” என்றார் அத்தை, கையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “செவந்தா எந்திரிச்சுப் போயிரணும்னுதான் அந்த டப்பாவையே வாங்கினேன். ஆனா நீ குழந்தையாட்டம் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்த. சாத்தூர்ப் பிள்ளை ஞாபகம் வந்துருச்சு. இன்னொரு பிள்ளையை அப்படி உட்கார வைக்க என்னால ஆகல. வேற ஒண்ணும் யோசிக்கல.” பிறகு கேட்டார்: “அவனுக்குத் தெரியுமா?”

“எல்லாம் தெரியும். எனக்குக் குணமாகி வருஷக்கணக்காச்சு அத்தை. அது மிச்சம் இருந்த தடம்தான்.”

“அப்ப சரி.”

என் விஷயத்தை அவர் அதோடு விட்டுவிட்டார். இனி அவர் முன்னால் இருந்தது அவர் கை மட்டும்தான். நல்லது செய்கிறேன் என்று நினைத்து, முப்பது வருஷத்துக் குடித்தனத்தின் தலையில் நான்தான் கல்லைப் போட்டிருந்தேன். அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை.

“நான் உன் மாமாவைத் தவிர…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் அத்தை.”

“ராஜஸ்தான், ஒடிசா.” ஊர்ப் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நான் அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“ஊசியை எங்க போடுவாங்க?” என்று கேட்டார்.

“இடுப்புல.”

“வலிக்குமா?”

“நல்லாவே வலிக்கும். நான் ரெண்டு நாள் உட்கார முடியாமக் கிடந்தேன்.”

“அவருக்கும் போடணும்ல?”

“கண்டிப்பாப் போடணும். இல்லாட்டி உங்களுக்குத் திரும்ப வந்துரும்.”

அத்தை முகத்தில் மெதுவாக ஒரு தெளிவு வந்தது. சேலைத் தலைப்பை எடுத்து முதலில் என் கண்ணைத் துடைத்தார், பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வண்டி, வீட்டுக்குத் திரும்பு,” என்றார். வண்டி திரும்பியது.

நிஷாந்த் மாமா வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “என்ன, என் ஞாபகம் வந்துருச்சா? எனக்கும் ஒரு சட்டை எடுப்பீங்களா?” என்று கேட்டபடி ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். “ஆமா, எந்தக் கடைக்குப் போறோம்?”

“வண்டி,” என்றார் அத்தை, “கதவைப் பூட்டு.”